லாஸ்லெஸ் ஆன் செய்தும் ஹால் ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியவில்லை. ரிசீவரை மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஐபோனில் ஆப்பிள் மியூசிக், லாஸ்லெஸ் (பதிவில் எதையும் இழக்காத தரம்) ஆன். ஹாலில் நாலைந்து வருடமான ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர். ப்ளூடூத்தில் இணைத்துக் கேட்கிறீர்கள், முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. புது ரிசீவர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ப்ளூடூத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

காரணம் சுலபமானது. சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல்: நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுவது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1411 கிலோபிட். ஃப்ளாக், ஆப்பிளின் அலாக் போன்ற வடிவங்கள் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் இதைச் சுருக்கும், ஆனாலும் பாட்டைப் பொறுத்து 700 முதல் 1000 கிலோபிட் வரை வரும். ஐபோன் ப்ளூடூத்தில் அனுப்பத் தெரிந்தவை எஸ்பிசி, ஏஏசி என்ற இழப்புள்ள சுருக்க முறைகள் இரண்டும்தான். ஏஏசி என்றால் 256 கிலோபிட் அளவில் நிற்கும். அதாவது ஆப்பிள் சர்வரிலிருந்து முழுசாக வந்த பாட்டை உங்கள் போனே பிரித்து, மறுபடி இழப்போடு சுருக்கி ரிசீவருக்கு அனுப்புகிறது. திரையில் 'லாஸ்லெஸ்' என்று எழுதியிருப்பது போன் வரை வந்ததைப் பற்றித்தான். அதற்கப்புறம் நடப்பதை அது சொல்லாது.

ஆண்ட்ராய்டில் எல்டேக் என்ற ப்ளூடூத் சுருக்க முறை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அதிகபட்சம் 990 கிலோபிட், சிக்னல் குறைந்தால் 660, 330 என்று இறங்கும். நன்றாகவே ஒலிக்கும், ஆனால் அதுவும் இழப்புள்ள சுருக்கம்தான். ஆப்டெக்ஸ் லாஸ்லெஸ் என்று ஒன்று உண்டு. போன், ரிசீவர் இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் பயன். உங்கள் ரிசீவர் வயதுக்கு அது இருக்க வாய்ப்பில்லை.

சரி, என்ன செய்யலாம்? ரிசீவரின் பின்பக்கத்தையும் மெனுவையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நெட்வொர்க் வசதி உள்ள ரிசீவரில் பெரும்பாலும் ஏர்ப்ளே (வைஃபை வழியாகப் பாட்டை அனுப்பும் ஆப்பிளின் முறை) இருக்கும். அப்படி இருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை. வைஃபையில் இணைத்து, பாட்டு ஓடும்போது ஏர்ப்ளே குறியைத் தொட்டு ரிசீவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏர்ப்ளே சிடி தரத்தைத் தாண்டாது, ஆனால் ப்ளூடூத்தைவிட நிச்சயம் மேல். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஹியோஸ், யமஹாவில் மியூசிக்காஸ்ட் என்று அவர்களுடைய சொந்த ஏற்பாடும் இருக்கும். ஹியோஸுக்குள் ஆப்பிள் மியூசிக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே அது ஏர்ப்ளே வழியாகத்தான் வரும்.

ஏர்ப்ளே இல்லையென்றால் எனக்குப் பிடித்த வழி கேபிள். போனில் யுஎஸ்பி-சி இருந்தால் ஆப்பிளின் அந்தக் குட்டி ஹெட்போன் அடாப்டர் ஒன்று, அங்கிருந்து ரிசீவரின் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ பின்னுக்கு ஒரு வயர். அடாப்டருக்குள்ளேயே டிஏசி இருக்கிறது, அதாவது எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் சில்லு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். லாஸ்லெஸுக்கு இதைவிட மலிவான பாதை எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய சோனோடைன் ஆம்ப்ளிஃபையர் இப்படித்தான் இன்றும் ஓடுகிறது. நெட்வொர்க், எச்டிஎம்ஐ எதுவும் அதில் இல்லை. பின்னால் இருக்கும் 'ஆக்ஸ்' ஒன்றே போதுமானதாக இருக்கிறது. (இதே அடாப்டரை ஆண்ட்ராய்டில் போட்டால் பல போன்களில் சத்தம் குறைவாக வரும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் வேறு யுஎஸ்பி டிஏசி பார்ப்பது நல்லது.)

போனைக் கட்டிப்போட மனமில்லை, சோபாவில் உட்கார்ந்தபடி பாட்டு மாற்ற வேண்டும் என்றால் ஒரு ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டை வாங்கி ரிசீவருக்குக் கொடுக்கும் சிறு பெட்டி) வாங்கலாம். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது. கையடக்கமான வட்டு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை, ஆப்டிகல் வெளியீடும் உண்டு. 2019 ஜனவரியில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு நல்ல பொருளை ஏன் கைவிட்டார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த இடத்தை இப்போது வீம் போன்றவை பிடித்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்பதல்ல. நீங்கள் சந்தா கட்டும் சேவை அந்தப் பெட்டிக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதுதான். ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், குரோம்காஸ்ட் (மேலே சொன்ன பொருளல்ல, போனிலிருந்து பெட்டியை இயக்கும் கூகுளின் முறை) ஆகியவற்றில் பெட்டி தானே இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். ஏர்ப்ளேயில் போன் வழியாகத்தான் எல்லாம் போகும். ஆப்பிள் மியூசிக்கின் ஆண்ட்ராய்டு செயலியில் குரோம்காஸ்ட் வசதி உண்டு, ஐபோன் செயலியில் இல்லை. ஒரே சேவை, ஒரே பெட்டி, கையில் இருக்கும் போனைப் பொறுத்துப் பாதையே மாறுகிறது. விற்பனைப் பெட்டியின் மேல் 'ஹை-ரெஸ்' (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று தங்க நிற ஸ்டிக்கர் இருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்பாட்டிஃபை பக்கம் போக நினைத்தால்: 2021 பிப்ரவரியில் அறிவித்த லாஸ்லெஸை அவர்கள் கொடுக்க ஆரம்பித்தது 2025 செப்டம்பரில். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை. கனெக்ட் உள்ள சாதனம் எல்லாவற்றிலும் அது தானாக வராது, அந்தந்த நிறுவனம் தன் சாதனத்தில் ஆதரவு கொடுத்திருக்க வேண்டும். பழைய ரிசீவரில் கனெக்ட் இருக்கிறது என்பதை மட்டும் நம்பிச் சந்தாவை மாற்றாதீர்கள்.

டிவி வழியாகக் கேட்பவர்களும் உண்டு. டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுபோகும் இணைப்பு) போயிருந்தால், டிவியின் ஆடியோ செட்டிங்கில் வெளியீட்டை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று வையுங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் சில டிவிகள் ஸ்டீரியோ பாட்டையும் டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்பிவிடும். அதன் புதிய வடிவமான ஈஏஆர்சி இல்லையே என்று கவலை வேண்டாம், இரண்டு சேனல் பிசிஎம்முக்குப் பழைய ஏஆர்சியே தாராளம். ஆப்பிள் டிவி 4கே இருந்தால் இன்னும் நல்லது, எச்டிஎம்ஐயில் 48 கிலோஹெர்ட்ஸ் வரை லாஸ்லெஸ் கொடுக்கும். அதற்கு மேல் கொடுக்காது. கொடுக்காததால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை என்பது என் உறுதியான கருத்து. 44.1 கிலோஹெர்ட்ஸில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகிவிடுகிறது, மனிதக் காதுக்கு எல்லை 20. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது, நம் தெருச் சத்தத்துக்கு நடுவே ஹாலில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனையில், உயர்தரப் பதிவுகளைச் சிடி தரத்துக்கு இறக்கி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோது, சாதாரண ஒலி அளவில் கேட்டவர்களால் வேறுபாட்டைப் பிரித்தறிய முடியவில்லை. 192 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் கேட்டால் 2 ஜிபி தாண்டும், சிடி தரத்தில் 300 முதல் 450 எம்பி. அந்தச் செலவு எதற்கு?

இன்னொன்று. ஆப்பிள் மியூசிக் செட்டிங்கில் டால்பி அட்மாஸ் 'எப்போதும்' என்று இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அட்மாஸ் என்பது ஒலி சுற்றிலும் கேட்கும்படி செய்த வேறு கலவை, அது இழப்புள்ள சுருக்கத்தில்தான் வருகிறது. ஆடியோ தரத்தில் வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோடு மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு இருக்கிறது, டவுன்லோடை மறந்துவிடுவது சகஜம். ரிசீவரில் 'டைரக்ட்' அல்லது 'ப்யூர் டைரக்ட்' (ஒலியில் கூடுதல் மாற்றம் செய்யாத நிலை) இருந்தால் பாட்டுக்கு அதைப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் என்ன கேட்கும்? நேர்மையாகச் சொன்னால், 256 கிலோபிட் ஏஏசிக்கும் லாஸ்லெஸுக்கும் இடையே பெரும்பாலான பாட்டுகளில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டு முறை சுருக்கிய ப்ளூடூத்துக்கும் கேபிளுக்கும் இடையே தெரிகிறது: ஜால்ராவின் ஒலி தேய்ந்து அடங்கும் இடம், தம்புராவின் கார்வை, கைதட்டல் ஓசை. நீங்கள் சோதிக்கும்போது இரண்டின் சத்த அளவும் ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

பழைய தமிழ்ப் பாட்டு கேட்பவராக இருந்தால், இது எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. 70, 80களின் பாட்டுகளில் பல, ஒரே சேவையில் இரண்டு மூன்று ஆல்பங்களில் கிடைக்கும்: படத்தின் ஆல்பம், பாடகர் தொகுப்பு, காதல் பாட்டுத் தொகுப்பு என்று. எல்லாம் பழைய டேப்பிலிருந்து ஒரே விதமாக டிஜிட்டலுக்கு மாற்றியவை அல்ல. ஒன்றில் டேப்பின் இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலினின் மேல்ஸ்தாயியையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள், இன்னொன்றில் சத்தத்தை ஏற்றி மிருதங்கத்தின் அடியைத் தட்டையாக்கியிருப்பார்கள். மூன்றுக்கும் 'லாஸ்லெஸ்' முத்திரை இருக்கும். பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து எல்லாப் பதிப்பையும் கேபிளில் அடுத்தடுத்துக் கேட்டு, நன்றாக இருப்பதை லைப்ரரியில் சேர்த்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.