சமஸ்கிருத இலக்கணத்துக்குப் பாணினியின் சூத்திரங்கள், அதாவது சுருக்கமான விதிகள், இருக்க, இத்தனை உரைகள் எதற்கு?

ஏனென்றால் அந்தச் சூத்திரங்கள் தனியாகப் படித்தால் புரியாது. சுமார் 4000 சூத்திரங்கள், பெரும்பாலானவற்றில் வினைச்சொல்லே கிடையாது. 'இகோ யணசி' என்பதைப் பாருங்கள். இ, உ முதலியவற்றின் இடத்தில், உயிரெழுத்து பின்னால் வந்தால், ய, வ முதலியவை வரும். ததி + அத்ர = தத்யத்ர. இதில் 'இகோ' என்பதிலுள்ள ஆறாம் வேற்றுமைக்கு 'இடத்தில்' என்றும், 'அசி' என்பதிலுள்ள ஏழாம் வேற்றுமைக்கு 'பின்னால் வந்தால்' என்றும் பொருள் கொள்ள வேண்டும். அதைச் சொல்லும் சூத்திரங்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன!

பின்னால் வந்த காத்யாயனர் தம் வார்த்திகங்களில், அதாவது சூத்திரங்கள் மீதான குறிப்புகளில், விதிகளைச் சோதித்து, விடுபட்டதைச் சேர்த்தார். அவற்றை எடுத்துக்கொண்டு கேள்வியும் மறுப்புமாக விவாதிப்பதுதான் பதஞ்சலியின் மகாபாஷ்யம். என்னைக் கேட்டால் இந்த மரபின் உச்சம் இதுதான். குடம் வேண்டுமென்றால் குயவரிடம் போகிறோம். சொல் செய்து தரும்படி இலக்கணக்காரரிடம் யாரும் போவதில்லை என்கிறார் பதஞ்சலி. சொற்கள் ஏற்கெனவே மக்களிடம் உள்ளன. இலக்கணம் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான்.

மகாபாஷ்யத்துக்குக் கையடர் உரை எழுத, அந்த உரைக்கும் நாகேசர் உரை எழுதினார். பட்டோஜி தீட்சிதரின் சித்தாந்த கௌமுதி சூத்திரங்களைத் தலைப்புவாரியாக மாற்றி அடுக்கியது. புதிதாகப் படிப்பவர்கள் அதன் சுருக்கமான, அவர் மாணவர் வரதராஜரின் லகு கௌமுதியில் தொடங்குங்கள்.