சிப்காட் வாசலிலேயே ஒரு டீல்

கேள்வி: கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. பெரிய வங்கிகளுக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் வருவது பிபிஓவும் சேல்ஸ் வேலையும்தான். இந்தத் துறையில் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. எனக்கு வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உண்டு தம்பி. ஆனால் நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் கதவு அதற்கானது இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன் மாதிரி வங்கிகளின் மும்பை டீல் வேலைக்கு (கம்பெனிகளை இணைப்பது, பிரிப்பது, பங்கு வெளியிடுவது) பெரும்பாலும் ஐஐஎம் போன்ற இடங்களுக்கு நேரில் போய் ஆள் எடுப்பார்கள். பதில் வராததை மனதுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் லாஸ்பேட்டையில் வந்து உட்காருவதற்கு முன்னால் சென்னையில் இதே மாதிரி டீல்களைச் செய்து தரும் ஒரு சின்ன மெர்ச்சன்ட் பேங்கிங் அலுவலகத்தில் இருந்தேன். இன்டர்ன் கேட்டு வரும் மெயில்கள் என் மேசைக்குத்தான் வரும். "கடின உழைப்பாளி, ஆர்வம் மிக்கவன்" என்று எல்லோரும் எழுதுவார்கள். படிக்கிறவருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. கூடவே ஒரு எக்செல் ஃபைலோ, ஒரு கம்பெனியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்போ இருந்தால் கை தானாக அதைத் திறக்கும். உள்ளே பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிறதா என்று பார்ப்பேன். அனுப்பியவர் எந்தக் கல்லூரி என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அந்த இரண்டு பக்கத்துக்கு நீங்கள் மும்பை வரை போக வேண்டாம். கடலூர் சிப்காட்டில், குடிகாட்டில், ஷாசன் பார்மாவின் ஆலை இருந்தது. புதுச்சேரியில் பெரிய காலாப்பட்டிலும் அவர்களுக்கு ஓர் ஆலை. 2015-ல் ஷாசன், பெங்களூரைச் சேர்ந்த ஸ்ட்ரைட்ஸுடன் இணைந்தது. 16 ஷாசன் பங்கு வைத்திருந்தவருக்கு 5 ஸ்ட்ரைட்ஸ் பங்கு கிடைத்தது. பிறகு 2018-ல் மருந்து மூலப்பொருள் தொழிலைத் தனியாகப் பிரித்து சோலாரா என்ற கம்பெனி ஆக்கினார்கள். 6 ஸ்ட்ரைட்ஸ் பங்குக்கு 1 சோலாரா. ஆக, உங்கள் ஊரில் யாரோ ஒரு பெரியவர் 96 ஷாசன் பங்கு வைத்திருந்தால், இணைப்புக்குப் பின் 30 ஸ்ட்ரைட்ஸ், பிரிப்புக்குப் பின் அந்த 30-உடன் கூடவே 5 சோலாரா. நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற ஆலைதான். அதன் பெயர்ப் பலகை மாறியதற்குப் பின்னால் ஒரு முழு டீல் இருக்கிறது.

இப்போது கேள்வி கேளுங்கள். ஏன் 16-க்கு 5? இரண்டு பக்கமும் மதிப்பை எப்படிப் போட்டார்கள்? பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் இணையும்போது மதிப்பைக் கணக்கிடும் வேல்யுவேஷன் அறிக்கையும், அது நியாயமா என்று ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் தரும் கருத்தும் வேண்டும். முதல் டீலுக்கு உயர் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது, இரண்டாவதற்கு என்சிஎல்டி என்ற தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். 2016 டிசம்பரில் இந்த அதிகாரம் கைமாறியதால் வந்த வித்தியாசம் அது. அன்றைய பங்கு விலையை எடுத்து, இரு கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலிருந்து லாபத்தையும் கடனையும் எக்செலில் நீங்களே டைப் அடித்து, 16-க்கு 5 உங்களுக்குச் சரியாகப் படுகிறதா இல்லையா என்று எழுதுங்கள். "இல்லை" என்று வந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள். எங்கிருந்தோ டவுன்லோடு செய்த மாடலில் எண்ணை மட்டும் மாற்றினால் இரண்டே கேள்வியில் பிடிபட்டுவிடும்.

இது கனமாகத் தெரிந்தால் கெம்பிளாஸ்ட் சன்மாரின் 2021 ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவர்களுடைய பிவிசி ஆலையும் கடலூரில்தான். மொத்தம் 3,850 கோடி ரூபாய் வெளியீடு. அதில் 2,550 கோடி பழைய பங்குதாரர்கள் விற்றது. கம்பெனிக்கு வந்தது 1,300 கோடி, அதிலும் பெரும்பகுதி கடன் பத்திரங்களை அடைக்க. ஒரு ஐபிஓவில் பணம் யாருக்குப் போகிறது என்று சொல்லத் தெரிந்த பி.காம். மாணவர்கள் குறைவு.

சரி, யாருக்கு அனுப்புவது? செபியில் பதிவான மெர்ச்சன்ட் பேங்கர்கள் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. அதைவிட நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். பிஎஸ்இ எஸ்எம்இ, என்எஸ்இ எமர்ஜ் என்று சிறு கம்பெனிகளுக்கான சந்தைகள் 2012 முதல் நடக்கின்றன. அங்கே வரும் ஐபிஓ ஆவணங்களின் முன்பக்கத்திலேயே வெளியீட்டை நடத்தும் லீட் மேனேஜர் யார், தொடர்புகொள்ள வேண்டியவர் யார், மெயில் என்ன என்று அச்சிட்டிருக்கும். இந்தச் சிறு அலுவலகங்களில் ஆள் எப்போதும் பற்றாக்குறை. ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரத் தாளைத் தேடி டிக் அடிப்பது, கம்பெனியிடமிருந்து வராத பேப்பர்களைத் துரத்தி வாங்குவது எல்லாம் இன்டர்ன் தலையில்தான் விழும். அலுப்பான வேலைதான், ஆனால் டீல் என்றால் என்ன என்பது அங்கேதான் புரியும். வேல்யுவேஷன் செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரியிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

மெயில் ஆங்கிலத்தில், ஐந்து வரிக்குள். பெறுபவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். அவர்கள் அண்மையில் கொண்டுவந்த ஒரு வெளியீட்டில் நீங்கள் கவனித்தது ஒன்று, உங்கள் இரண்டு பக்கக் குறிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் – இவ்வளவுதான். "ஏதாவது வாய்ப்பு தாருங்கள்" வேண்டாம். "ஏப்ரல், மே இரண்டு மாதமும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து வேலை செய்ய முடியும்" என்பது வேலைக்காகும். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அப்புறம் விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். ஸ்டைபண்ட் பெரிதாக இருக்காது. சென்னையில் சித்தப்பா வீடு ஆவடியிலேயே இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப் "கேரண்டி" என்று சொல்லி முப்பதாயிரம் கேட்கிறார்கள். சான்றிதழும் தருவார்களாம். கட்டலாமா?
– ஒரு தாய், முத்தியால்பேட்டை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. வேலை கொடுக்கிறவர் பணம் வாங்க மாட்டார். சான்றிதழ்தான் வேண்டும் என்றால் செபி அமைத்த என்ஐஎஸ்எம் என்ற பயிற்சி நிறுவனம், மெர்ச்சன்ட் பேங்கிங்குக்கென்றே ஒரு தேர்வு நடத்துகிறது. அதன் கட்டணம் இவர்கள் கேட்பதில் சிறு பங்குதான். மகளே வீட்டிலிருந்து படித்து எழுதலாம்.

கேள்வி: பி.காம். படிக்கும்போதே சிஎஃப்ஏ எழுதினால் இந்தத் துறைக்குள் போய்விடலாமா?
– கல்லூரி மாணவி, பண்ருட்டி

பதில்: சிஎஃப்ஏ என்பது முதலீட்டுத் துறைக்கான மூன்று நிலைத் தேர்வு. பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே முதல் நிலை எழுத விடுகிறார்கள். கட்டணம் ஆயிரம் டாலருக்குக் குறையாது. உதவித்தொகை உண்டு, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கடன் வாங்கி மட்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் முதல் நிலையைப் பார்த்து யாரும் டீல் வேலை தந்துவிட மாட்டார்கள். சிஏ படிக்க மனம் இருந்தால் அதை யோசியுங்கள். 2023-ல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி, இரண்டு ஆண்டுதான். இணைப்பு, வேல்யுவேஷன் வேலை செய்யும் ஆடிட்டரிடம் சேர்ந்தால் தனியாக இன்டர்ன்ஷிப் தேட வேண்டியதே இல்லை. சேரும் முன் ஆடிட்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "எனக்கு இந்த வேலையைத் தருவீர்களா, இல்லை இரண்டு வருஷமும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்தானா?"