தீன் போய்விடுமா?

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்கப் பாடசாலையில் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். "அங்கே விட்டால் தீன் (மார்க்கம்) போய்விடும், நகையை அடகு வைத்தாவது இஸ்லாமிய சர்வதேசப் பாடசாலையில் சேருங்கள்" என்கிறார்கள் குடும்பத்தார். என்ன செய்வது?
- ஒரு தந்தை, மாவனல்லை

பதில்: அடகு வைக்காதீர்கள். தீனைக் காப்பாற்ற வட்டிக்குப் போவது எந்த வகையில் தீன்?

இந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப நம் முன்னோர் அஞ்சினார்கள். மதம் மாற்றும் நோக்கம் அங்கே இருந்ததால் அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் ஒரு சமூகமே படிப்பில் பின்தங்கிப் போனது. அதைப் பொறுக்காமல் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி எழுதியவர் கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த ஒராபி பாஷாவும் கட்டட ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்காரும் கைகொடுக்க, 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்ததுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. மார்க்கத்தோடு நவீன படிப்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் அதைக் கட்டினார்கள்.

அந்த ஸாஹிராவைத் தூக்கி நிறுத்திய அதிபர் ரி.பி. ஜாயா படித்தது கிறிஸ்தவர்களின் சென் தோமஸ் கல்லூரியில். 1921இல் ஸாஹிராவுக்கு வருமுன் படிப்பித்தது பௌத்தர்களின் ஆனந்தாவில். அவருடைய தீன் எங்கும் போய்விடவில்லை.

இஸ்லாமியப் பாடசாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவை இருக்கின்றன. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஹிஜாபோடு வெளியே இறங்கிய நம் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளை கூச்சமில்லாமல் தொழக்கூடிய ஓர் இடத்தைப் பெற்றோர் தேடுவது நியாயம்தான். ஆனால் பயத்தைக் காட்டிப் பிள்ளை சேர்க்கும் இடத்தில் கவனமாக இருங்கள். சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. அரச பாடசாலைக்கு உள்ளது போன்ற மேற்பார்வை அங்கே இல்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தில் உட்கார்ந்து விளம்பரத் தாளை மட்டும் வாசித்துவிட்டு வராதீர்கள். ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒன்றைக் கூப்பிடச் சொல்லுங்கள். "நீங்கள் ஏன் நோன்பு பிடிக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். சிங்களத்திலேயே சொல்லட்டும். பிறகு தமிழில் ஒரு பந்தி எழுதட்டும். இரண்டிலும் பிள்ளை தடுமாறினால், குர்ஆனில் எத்தனை ஜுஸ்உ (பாகம்) மனனம் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள். இந்த நாட்டில் வாழப்போகும் பிள்ளை அது.

அரசாங்கப் பாடசாலையில் சாதாரண தரம் வரை இஸ்லாம் ஒரு பாடம். படிப்பிக்க ஆசிரியர் இல்லையென்றால் பள்ளிவாசல் நிருவாகத்தையும் கூட்டிக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பின்னேரம் குர்ஆன் மதரஸாவுக்கு அனுப்புங்கள். மஃரிப் (அந்தி) தொழுகைக்குப் பிறகு மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் உம்மாவும் ஓதுங்கள். வாப்பா சுபஹு (விடியற்காலை) தொழுகைக்கு எழும்பாத வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை தொழுகையைப் பழக்கும்?

முதலாம் தரத்துக்கான விண்ணப்பத் திகதி முடியுமுன் அருகிலுள்ள பாடசாலைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.