வடிவமைப்பு, நகரங்கள் பற்றிய பத்திரிகைக்கு ஆசிரியராகக் கட்டடக்கலைப் பட்டம் வேண்டுமா? சம்பளம் எப்படி?

பட்டம் கட்டாயமில்லை. நகரங்களைப் பற்றிய எழுத்தால் பின்னாளில் பெயர்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸ் 1952இல் அமெரிக்காவின் 'ஆர்க்கிடெக்சுரல் ஃபோரம்' பத்திரிகையில் சேர்ந்தபோது அவரிடம் எந்தப் பட்டமும் கிடையாது. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றி எழுதச் சொன்னார்கள். கட்டட வரைபடம் (பிளான்) படிக்கக் கட்டடக் கலைஞரான கணவர்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் இலக்கியம் படித்துவிட்டு உதவி ஆசிரியராக நுழைந்தவன்தான், பிளானில் மாடிப்படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது.

ஆனால் இந்த வேலையில் ஆளை ஏமாற்றுவது வரைபடம் இல்லை, புகைப்படம். கட்டடம் திறக்கும் முன்பே படங்கள் நம் மேசைக்கு வந்துவிடும். எடுக்கச் செலவு செய்தது அதை வடிவமைத்த அலுவலகம், நமக்கு இலவசம். அந்தி வெளிச்சம், துடைத்துவிட்ட தரை, ஒரு ஆள் கூட இருக்கமாட்டார். சொந்தமாகப் புகைப்படக்காரரை அனுப்பப் பணம் இருக்காது, சரி என்று அதையே போடுவோம், அப்புறம் படத்துக்கு ஏற்ற மாதிரி கட்டுரையும் வந்துவிடும். அப்படித்தான் ஒரு நூலகத்தை ஆறு பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளினேன். அடுத்த வருடம் நேரில் போய்ப் பார்த்தால், அட்டையில் மின்னிய அந்தக் கண்ணாடிச் சுவர் முழுக்க ஊழியர்கள் செய்தித்தாள் ஒட்டி வைத்திருந்தார்கள். பிற்பகல் வெயில் கண்ணில் அடிக்கிறதாம்.

ஜேக்கப்ஸ் தப்பித்தது நேரில் போனதால். பிலடெல்பியாவில் நகரத் திட்ட அதிகாரி எட்மண்ட் பேகன் அவருக்கு முதலில் ஒரு பழைய தெருவையும், பிறகு பெருமையாகப் புதிதாக்கிய தெருவையும் காட்டினார். பழையதில் ஜனம் நெரிந்தது. புதியதில் டயரை உதைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பையன். ஆட்கள் எல்லாம் எங்கே என்று ஜேக்கப்ஸ் கேட்டார், பேகனுக்கு அந்தக் கேள்வியே பொருட்டாகப் படவில்லையாம். நகரத் திட்டக்காரர்களைக் கதிகலங்க வைத்த ஜேக்கப்ஸின் 1961 புத்தகத்துக்கு ('The Death and Life of Great American Cities') இப்படிப்பட்ட நடைகள்தான் விதை.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குறைவு. இடங்களும் குறைவு, அதனால் பலர் பாதியில் கண்காட்சி அமைக்கவோ பாடம் நடத்தவோ போய்விடுவார்கள்.

எழுத்து மாதிரி கேட்டால் நேற்றுத் திறந்ததைப் பற்றி அனுப்பாதீர்கள். திறந்து ஐந்து வருடமான ஒரு கட்டடத்துக்குப் போய், அங்கே கூட்டிப் பெருக்குபவரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தபோது, அப்படி ஒன்று வந்தால் பிளான் படிக்கத் தெரியாதவரைக் கூடக் கூப்பிட்டிருக்கிறேன்.