கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் குழந்தையை ஏன் வெறும் தரையில் கிடத்தியிருக்கிறார்கள்?

பிள்ளையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்றுதான் லூக்கா நற்செய்தி சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பலர் ஏன் இப்படி வரைந்தார்கள், பிள்ளைக்குக் குளிராதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸ் வரைந்த போர்ட்டினாரி பீட ஓவியத்தைப் பார்த்த அன்று எனக்கும் முதலில் தோன்றியது இதுதான்.

இந்த வழக்கத்துக்குப் பெரிய காரணம் சுவீடனைச் சேர்ந்த புனித பிரிஜித்தா. கணவரை இழந்தவர். வயதான காலத்தில், 1372இல், புனித நாட்டுக்குத் திருப்பயணம் போனார். பெத்லகேமில் தாம் கண்ட காட்சியைச் சொல்லிப் பதிவு செய்தார். மாதா காலணியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டு ஜெபிக்கிறார். கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளை பிறந்து தரையில் கிடக்கிறது. அதன் மேனியின் ஒளியில் சூசையப்பர் கொண்டுவந்த மெழுகுவர்த்தி மங்கிப்போகிறது. இது பரவிய பிறகு ஓவியமே மாறிவிட்டது. அதற்கு முன், 1305 வாக்கில் இத்தாலியின் பதுவா நகரில் ஓவியர் ஜொத்தோ வரைந்த சுவரோவியத்தில் மாதா பிள்ளை பெற்ற எந்தத் தாயையும் போலப் படுத்திருக்கிறார். அப்புறம் வந்தவர்களிடம் அவர் எழுந்து மண்டியிட்டுவிட்டார்.

போர்ட்டினாரி ஓவியத்தை, ஃபுளோரன்ஸின் மெடிசி குடும்பத்து வங்கியின் கிளையை ஃபிளாண்டர்ஸின் புரூஜ் நகரில் நடத்திய தொம்மாசோ போர்ட்டினாரி வரையச் சொன்னார். 1475 வாக்கில் வரைந்தது. கடல்வழியாக 1483இல் ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்தது. இப்போது உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று பலகைகள் கொண்டது, நடுப்பலகை மட்டுமே சுமார் 3 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய பரப்பின் நடுவில் அந்தப் பிள்ளை ஒரு கைப்பிடி அளவுதான். சுற்றிலும் யாரும் நெருங்காத வெற்றுத் தரை. முன்னால் ஒரு கோதுமைக் கட்டு. பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு', பீடத்தில் வைக்கும் நற்கருணையும் அப்பம்தான். இடதுபக்கம் கழற்றிவிட்ட ஒரு மரச்செருப்பு. எரியும் முட்செடியின் முன் மோசேயிடம் 'செருப்பைக் கழற்று, இது புனித நிலம்' என்று சொன்னது நினைவிருக்கும். ஆக, அது வெறும் தரை இல்லை.

வலதுபக்கம் ஓடிவந்து நிற்கும் மூன்று இடையர்களைத் தவறாமல் பாருங்கள். காய்ப்பேறிய கைகள். ஒருவர் வாய் திறந்தபடி நிற்கிறார், பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. இவ்வளவு உண்மையான ஏழை முகங்களைப் பார்த்த ஃபுளோரன்ஸ் ஓவியர்கள் அசந்துபோனார்கள். இரண்டே வருடத்தில், 1485இல், கிர்லாந்தாயோ தன் ஓவியத்தில் அதே மாதிரி இடையர்களை வரைந்துவிட்டார்.

இன்னொன்று, இந்த ஓவியம் வைக்கப்பட்டது சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் கோவிலில். முன்னால் பூக்கள் வைத்திருக்கும் மண்ஜாடி மருந்துக்கடைகளில் இருந்த ஜாடி வகை. நோயாளிகளுக்குப் பழகிய பொருள் அது.

சரி, குளிராதா? குளிர்ந்தது என்றே பிரிஜித்தா சொல்கிறார். தரையின் குளிரிலும் கடினத்திலும் பிள்ளை அழுது நடுங்கியது. மாதா உடனே வாரியெடுத்து மார்போடும் கன்னத்தோடும் அணைத்துச் சூடேற்றினார். ஹியூகோ வரைந்திருப்பது அவர் கை நீட்டுவதற்குச் சற்று முந்திய நொடியை.