சிறுவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநர் வேலை எப்படி இருக்கும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறீர்கள், போதைப் பழக்கத்திலிருந்து சிறுவர்களை மீட்கும் இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சிப் பக்கம் அப்படி ஓர் இல்லத்தில் நான்கு வருடம் இருந்தவள் நான். 12 முதல் 17 வயது வரை முப்பது பையன்கள் இருந்தார்கள். இல்லத்தின் பெயர் வேண்டாம். பையன்களைப் பற்றிச் சொல்வதிலும் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

போகலாம். ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்ந்தவர்கள். மற்றவர்கள் கூல் லிப் என்ற வாயில் அடக்கிவைக்கும் புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை. 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. முகரும் போதை 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம் பேரிடமும், பெரியவர்களில் 0.58 சதவீதம் பேரிடமும் இருந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த போதை அது ஒன்றுதான். ஏன் என்று பையன்களைக் கேட்டால் தெரியும். விலை குறைவு, எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அப்புறம் ஒருவன் சொன்னான்: “மிஸ், அத இழுத்தா பசி தெரியாது.” அதைக் கேட்ட பிறகு போதையின் தீமைகள் பற்றி வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் “சாப்பிட்டியா?” என்று கேட்கத் தொடங்கினேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் மனநல மருத்துவர் சொல்லிக்கொடுத்த ஒன்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சொல்யூஷன் முகர்ந்த நிலையில் இருக்கும் பையனைத் துரத்தாதீர்கள், மிரட்டாதீர்கள். டொலுவீன் போன்ற அந்த ரசாயனங்கள் உள்ளே போனபின், பயத்தில் சுரக்கும் அட்ரினலினை இதயம் தாங்காது. திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசி, காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போய், மருத்துவ உதவிக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதற்கு நேர்மாறாகத்தான் எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கென்று தனி மருந்தும் கிடையாது. தூக்கம் வராததற்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் ஏதாவது எழுதித் தருவார். மிச்சமெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், கபடி, படிப்பு, பேச ஓர் ஆள். இதைக் கொண்டுதான் ஒரு பையனை மீட்க வேண்டும்.

எங்கள் இல்லத்தில் காலை அமைதியாகப் போகும். சாயங்காலம் ஐந்து மணிதான் கஷ்டம். மெக்கானிக் கடையில் எடுபிடியாக இருந்த 14 வயதுப் பையன் ஒருவன், ஐந்து அடித்தால் போதும், நகத்தைக் கடிப்பான், காரணமில்லாமல் பக்கத்துப் பையனை அடிப்பான். வார்டன் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார். ஒரு மாதம் நேரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தேன். கடையில் முதலாளி டீ குடிக்கப் போகும் நேரம் அதுதானாம். அந்தக் கால் மணி நேரம்தான் அவன் முகர்ந்த நேரம். தலை மறந்தாலும் உடம்பு அந்த நேரத்தை மறக்கவில்லை. ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம், நானும் ஒரு குடத்தோடு கூடப் போவேன். தனியறையில் உட்கார வைத்தபோது வராத பேச்செல்லாம் அங்கே வந்தது. ஆசை கிளம்பினால் அதை அடக்கப் பார்க்காமல், இருபது நிமிடம் வேறு வேலையில் கழித்தால் தானாக இறங்கும் என்பதை அவன் வாழைக்கன்றுகளுக்கு நடுவில்தான் நம்ப ஆரம்பித்தான்.

அவனிடம்தான் நான் பெரிய தவறும் செய்தேன்.

அவனை வளர்த்தது அப்பாயி. வியாழக்கிழமை அவரிடம் போனில் பேச வைப்பதாகச் சொல்லியிருந்தேன். அன்று வேறொரு பையன் விஷயமாக, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜராக வேண்டி வந்தது. முடிய மாலை ஆகிவிட்டது, நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். போன் விஷயம் நினைவிலேயே இல்லை. அவன் மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து என் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து போலீஸ் கூட்டிவந்தபோது அவன் கையில் சொல்யூஷன் வாடை. நான் திட்டவில்லை, அழுதுவிட்டேன். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நீங்களும் வரல மிஸ்.”

அந்த ‘நீங்களும்’ என்ற சொல்லில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். சம்பளத்தோடு வருகிறேன் என்று திருப்பூர் போன அப்பா, பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்ற மாமா, அடுத்த வாரம் பார்க்க வருகிறேன் என்ற அக்கா. அவன் வாழ்க்கையில் பெரியவர்கள் எல்லாரும் வாய்வார்த்தையாகவே இருந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். பையன்களிடம் சொல்வதையெல்லாம் அதில் எழுதுவேன். “பார்க்கலாம்” என்பதைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். “கண்காணிப்பாளரிடம் கேட்கிறேன், சனிக்கிழமை காலை டிபனுக்கு முன்னால் ஆமா இல்லை எதுவானாலும் வந்து சொல்கிறேன்” என்று சொல்வேன். இல்லை என்ற பதிலாக இருந்தாலும் சனிக்கிழமை போய்ச் சொல்லிவிடுவேன். ‘இல்லை’யை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவர்களால் தாங்க முடியாதது சொல்லிவிட்டு வராமல் போவது. இந்த வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் அந்த நோட்டைத்தான் சொல்வேன்.

கொடுக்கவே கூடாத வாக்கும் ஒன்று உண்டு. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்று ஒரு பையன் வருவான். பாசத்தில் தலையாட்டிவிடாதீர்கள். அவன் சொல்லப்போவது பாலியல் கொடுமையாக இருந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவுப்படி அது உங்கள் மேல் குற்றம். அதனால் நான் முதல் சந்திப்பிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்: “நீ சொல்றத ஊரெல்லாம் சொல்ல மாட்டேன்டா தம்பி. ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்தியிருந்தா, இல்ல உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இப்படிச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று உடன் வேலை பார்த்தவர்கள் பயந்தார்கள். திறந்தார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததே அவர்களுக்குத் தெம்பாக இருந்தது.

அடி விஷயமும் வரும். இல்லங்களில் அடிப்பதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 82-ஆவது பிரிவு குற்றம் என்கிறது. பணியாளர் ஒருவர் பையனைப் பெல்ட்டால் அடித்ததை நான் எழுதிக்கொடுத்தேன். மூன்று வாரம் உடன் வேலை பார்த்த யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் பையன்கள் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். மறுபடி அப்படி நடந்தாலும் எழுதித்தான் கொடுப்பேன்.

வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் திரும்ப அதே பழக்கத்தோடு வருவார்கள். முதல் தடவை எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. அதே தெரு, அதே நண்பர்கள், அதே காலி வயிறு என்றால் நாம் ஆறு மாதம் இங்கே செய்ததற்கு அங்கே பிடிமானம் இல்லை. அதனால் அனுப்பும் முன்பே பள்ளி, வேலை, சாயங்கால நேரம், வீட்டில் குடிக்கிறவர் யார் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும். தோட்டத்துப் பையனை அவன் ஊரில் சேர்க்கும்போது அந்த ஐந்து மணிக் கணக்கை அப்பாயியிடம் விளக்கினேன். “அந்நேரத்துக்கு நான் ஆடு ஓட்டிக்கிட்டு வருவேன், இவனையும் கூட்டிக்கிறேன்” என்று அவரே வழி சொன்னார். கல்லூரியில் படித்த யாரும் அவ்வளவு சுருக்கமாக ஒரு திட்டம் சொல்லி நான் கேட்டதில்லை.

சம்பளம் கேட்டிருக்கிறீர்கள். அரசின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநருக்கு மாதம் 18,536 ரூபாய் தொகுப்பூதியம், ஒப்பந்தப் பணி என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. அது நியாயமில்லை. நல்ல ஆட்கள் இரண்டே வருடத்தில் விட்டுப் போவதற்கு அதுதான் காரணம், அப்படிப் போகும்போது பையன்களுக்கு ‘நீங்களும்’ கணக்கில் இன்னொருவர் சேர்ந்துவிடுகிறார். நான் விலகியபோது இரண்டு மாதம் முன்பே தேதியைச் சொல்லி, சாப்பாட்டுக் கூடத்துக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் அவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். இரவில் எத்தனை பையன்களுக்கு எத்தனை பணியாளர்கள், மாத்திரை கொடுப்பது யார், மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், பிள்ளைகள் வீட்டுக்கு எப்போது போன் பேசலாம், பெரியவர்களையும் இதே கட்டடத்தில் வைத்திருக்கிறீர்களா என்று. அப்புறம், வேலையில் சேரும் முன்பு ஒரு நாள் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணி வரை பையன்களோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று அனுமதி கேளுங்கள். தயங்காமல் சரி என்றால் சேருங்கள். சாக்குச் சொன்னால் அந்த இல்லம் வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.