இருபது தாண்டினால் உதைபந்தாட்டம் முடிந்துவிடுமா? கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவன் நான். வயது பிந்திப் பெயர் எடுத்த ஸ்ட்ரைக்கர்களைப் (கோல் போடுவதே முதல் வேலையான முன்வரிசை ஆட்டக்காரர்கள்) பற்றி, குறிப்பாக இங்கிலாந்தின் ஜேமி வார்டி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மஸ்கெலியா இளைஞர்: சேர், எனக்கு 21 வயசு. ஸ்கூல் டீமோட சரி. வார்டி மாதிரி இனி வரலாமா?

தம்பி, வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் உடம்பு சிறிசு என்று கழித்துவிட்டது. கொஞ்ச நாள் பந்தையே தொடவில்லை. பிறகு ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்னக் கழகத்தில் சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் மேட்ச். 2010இல் ஹாலிஃபெக்ஸ் கழகம், 2011இல் ஃப்ளீட்வுட் கழகம். அங்கே ஒரே லீக் பருவத்தில் 31 கோல். 2012இல் லெஸ்டர் கழகம் பத்து இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது.

அவர் பெயர் வெளியே தெரியத்தான் தாமதமானது, அந்தக் கொஞ்ச நாளைத் தவிர ஆட்டம் நிற்கவில்லை. எனவே நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான்: வாரம் ஒரு முழு மேட்ச் ஆடுகிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதற்கு வழி தேடுங்கள்.

தலவாக்கலை வாசகர்: லெஸ்டருக்குப் போனதும் நேரே கொடிகட்டிப் பறந்தாரா?

இல்லை. முதல் பருவத்தில் லீக்கில் 4 கோல்தான். விளையாட்டையே விட்டுவிட நினைத்தவரை மேலாளர் நைஜல் பியர்சனும் உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் பேசி நிறுத்தினார்கள். அடுத்த பருவம் 16. இங்கிலாந்தின் மேல் லீக்கான பிரீமியர் லீக்கில் கால் வைத்தபோது வயது 27. முதல் ஆண்டு 5 கோல், அடுத்த ஆண்டு 24. தொடர்ந்து 11 மேட்ச்களில் கோல் போட்டதும், லெஸ்டர் சம்பியனானதும் அந்த 2015-16 பருவத்தில்தான். பிறகு 33 வயதில், 23 கோலோடு, லீக்கில் அதிக கோல் போட்டவருக்கான தங்கப் பாதணியும் வாங்கினார். அந்த இரண்டு பேரும் அன்று பேசாமல் இருந்திருந்தால் இவை ஒன்றுமே இல்லை. பயிற்சியாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பண்டாரவளை: இவர் ஒருத்தர்தானா?

இல்லை. இங்கிலாந்தின் இயன் ரைட் கிறிஸ்டல் பெலஸ் கழகத்தில் சேர்ந்தபோது 22ஐ நெருங்கியிருந்தார். ரிக்கி லெம்பர்ட் இங்கிலாந்துக்கு முதலில் ஆடியது 31இல். இத்தாலியின் லூக்கா டோனி 38 வயதில் 22 கோல் போட்டு, லீக்கில் அதிக கோல் போட்டவர் என்ற முதலிடத்தைப் பகிர்ந்தார்.

பதுளையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 14. குள்ளம் என்று டீமில் எடுக்கவில்லை. அழுகிறான்.

அம்மா, ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசத்தில் நிற்கிறார்கள். சிலருக்கு வளர்த்தியே 16க்குப் பிறகுதான். முட்டை, பருப்பு, நெத்தலி கொடுங்கள். விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பொகவந்தலாவ: எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. ஸ்ட்ரைக்கர் என்ன பழகலாம்?

ஓட்டம் தொடங்கும் நேரத்தைப் பழகுங்கள். வார்டியின் பலமே அதுதான். கடைசித் தடுப்பாளரின் தோளுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் நில்லுங்கள். பந்து வைத்திருக்கும் நம் ஆள் தலை தூக்கும் வரை மெதுவாகத் தடுப்பாளர்களின் வரிசையோடு நகருங்கள். தூக்கியதும் பாயுங்கள். முந்தினால் ஓஃப்சைட் (பந்து வருமுன்பே தடுப்பாளரைத் தாண்டி நின்ற தவறு), பிந்தினால் பந்து போய்விடும். இதற்கு மூன்று பேரும் ஒரு பந்தும் போதும். வேக ஓட்டத்தைச் சரிவில் மேல்நோக்கி ஓடிப் பழகலாம். கீழ்நோக்கி வேண்டாம், முழங்காலும் தொடையும் தாங்காது.

நோர்வூட்: நம்ம பக்கம் 20க்கு மேல ஏன் யாரும் நிலைக்கிறதில்லை?

இங்கிலாந்தில் ஊர்க் கழகத்திலிருந்து மேல் லீக் வரை படிப்படியாக ஏற வழி இருக்கிறது. நம் பையன் ஏ.எல். முடித்ததும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். மிஞ்சுவது திருவிழாச் சுற்றுப்போட்டிதான். ஆண்டுக்கு இரண்டு நாள் ஆடி எவனும் ஸ்ட்ரைக்கர் ஆக முடியாது. திறமைக் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்துத் தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து, வேலையில்லாத ஞாயிறுகளில் ஒரு லீக் தொடங்கட்டும். ஊரில் நிற்பவர்களுக்காவது வாரம் ஒரு மேட்ச் கிடைக்கும். நடுவராக நான் வருகிறேன்.